நொண்டி வாத்து

அமெரிக்கத் தேர்தல் முடிந்து, பழைய அதிபர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் பேப்பரைப் பிரித்தால் ‘லேம் டக்’ என்ற வார்த்தை கண்ணில் படும். நொண்டி வாத்து. அவ்வளவு பெரிய மனுஷரைப் போய் ஏன் வாத்து என்கிறார்கள் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

நான் பி.காம். பங்குச் சந்தையின் காளையும் கரடியும் காலேஜிலேயே பழக்கம். இந்த வாத்தும் அதே தொழுவம்தான் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் பங்கு வாங்கி விற்று, கடைசியில் கணக்குத் தீர்க்கப் பணமில்லாமல் கையை விரித்தவனுக்கு அந்தப் பெயர். 1761-ல் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே காளை, கரடி, வாத்து மூன்றும் வந்துவிடுகின்றன. நம்மூர் பாஷையில், மஞ்சக் கடுதாசி கொடுத்த ஆசாமி.

அமெரிக்காவில் அது அரசியலுக்குத் தாவியது. அடுத்த ஆள் ஜெயித்தாச்சு, இனி இவர் பேச்சை யார் கேட்பார்கள் என்ற அர்த்தத்தில்.

வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? 1860-ல் வேடிக்கையாக இல்லை. நவம்பரில் லிங்கன் ஜெயித்துவிட்டார். பதவியேற்பு மார்ச் 4. குதிரையில் தபால் போன காலத்து ஏற்பாடு! நடுவில் நாலு மாதம் நாற்காலியில் புக்கானன். மாநிலங்கள் பிரிந்து போவது சட்டப்படி செல்லாது, ஆனால் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றார் அவர். போதாதா? லிங்கன் வந்து உட்காருவதற்குள் ஏழு தென் மாநிலங்கள் விலகிவிட்டன. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர்.

1932-ல் ஜெயித்த ரூஸ்வெல்ட்டும் மார்ச் வரை காத்திருந்தார். வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. 1933-ல் நிறைவேறிய 20-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் பதவியேற்பை ஜனவரி 20-க்கு இழுத்தது.

ஆனா பாருங்க, வாத்து நிஜமாகவே நொண்டிதானா என்பதில் எனக்கு சந்தேகம் உண்டு. மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டாம் என்றால் யாருக்குப் பயம்? 2001 ஜனவரி 20, கிளிண்டனின் கடைசி நாள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மன்னிப்பு. அதில் ஒருவர் மார்க் ரிச், வரி ஏய்ப்பு வழக்குக்கு டிமிக்கி கொடுத்து 1983-லிருந்து சுவிட்சர்லாந்தில் இருந்த எண்ணெய் வியாபாரி. (அவருடைய முன்னாள் மனைவி கிளிண்டன் கட்சிக்குத் தாராளமாக நன்கொடை கொடுத்தவர்.)

2024 டிசம்பரில் பைடன் மன்னித்தது சொந்த மகனை. மன்னிக்கவே மாட்டேன் என்று அதே வருடம் ஜூனில் சொல்லியிருந்தார். அப்போது அவர் தேர்தல் களத்தில் இருந்தார்.