ஐந்தாண்டு இசையும் என் தமிழும்

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. இரவு உணவு முடிந்ததும் மாடிப்படியில் ஐந்தாறு பேர் கூடுவோம். தேர்வு, பேராசிரியர், ஊர் என்று எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு பேச்சு எப்படியும் பாட்டில் வந்து நிற்கும். தமிழ்த் திரையிசையில் சிறந்த காலம் எது என்பது அங்கே தீராத வழக்கு. ஒருவர் 1976-ஐச் சொல்வார். ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்த ஆண்டு அது. இன்னொருவர் 1992 என்பார், ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரகுமான் வந்த ஆண்டு அது. சென்ற மாதம் என் முறை வந்தது. ‘1961 முதல் 1965 வரை’ என்றேன். சிரிப்பு எழுந்தது. ‘அது உன் தாத்தா காலம் அல்லவா?’ என்றார் ஒரு நண்பர்.

ஆம், நண்பர்களே, அது என் தாத்தா காலம்தான். அன்று நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்லாத விடையை இன்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழக்கை முறையாக எடுத்து வைக்கிறேன். எம்.எஸ். விசுவநாதனும் டி.கே. இராமமூர்த்தியும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்புராமனிடம் பணியாற்றியவர்கள். முன்னவருக்கு ஆர்மோனியம், பின்னவருக்கு வயலின். 1952-இல் சுப்புராமன் தம் 28-ஆம் வயதில் மறைந்தார். அவர் முடிக்காமல் விட்ட வேலைகளை இவ்விருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்திலிருந்து இருவர் பெயரும் இணைந்தே வந்தன. 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தனர். கூட்டு வாழ்வு ஏறத்தாழ 13 ஆண்டு. அதில் கடைசி ஐந்தாண்டைத்தான் நான் என் காலம் என்கிறேன்.

1961-ஐ எண்ணிப் பாருங்கள். ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்ற மூன்றும் அந்த ஓர் ஆண்டில் வந்தவை. மூன்றையும் இயக்கியவர் பீம்சிங், நடித்தவர் சிவாஜி, பாட்டெழுதியவர் கண்ணதாசன், இசை இவ்விருவர். டி.எம். சௌந்தரராசன், பி. சுசீலா, பி.பி. ஸ்ரீனிவாஸ் ஆகியோரின் குரல்கள் ஊர்தோறும் ஒலித்தன. மறு ஆண்டு ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கதை அது. நோயும் பிரிவும் நிறைந்தது. பாட்டுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் கதையில் பாதி போய்விடும்.

இன்று நாம் ‘ஆல்பம்’ என்று சொல்வது அன்று இந்த வடிவில் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே பதிய முடியும். ஆகவே ஒரு படத்தின் பாட்டுகள் பல தட்டுகளாகப் பிரிந்து வந்தன. பல்லவி, இடையிசை, சரணம், திரும்பப் பல்லவி என எல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அத்தனை சிறிய இடத்தில் எத்தனை செய்தார்கள்!

ஒரே ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடு என்றால் நான் திணறுவேன். 1964-இல் வந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று ‘கர்ணன்’. புராணக் கதைக்கு இந்துஸ்தானி இராகங்களையும் வடநாட்டுக் கருவிகளையும் கொண்டுவந்து, தமிழ்ச் சொல்லைக் கம்பீரமாக நடக்க வைத்தார்கள். மற்றொன்று ‘காதலிக்க நேரமில்லை’. அதில் மேல்நாட்டு மெல்லிசையின் துள்ளலும் குறும்பும் நிறைந்திருக்கும். அன்று இளைஞராக இருந்த கே.ஜே. ஏசுதாசும் அதில் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கைகள் செய்தவை என்று நம்பவே முடியாது. கடல் கடந்த இங்கிலாந்தில் பீட்டில்ஸ் நால்வர் தம் முதல் தட்டை வெளியிட்டது 1962-இல்; 1970-இல் பிரிந்தனர். குறுகிய காலத்தில் பெருகி ஓடிப் பிரிவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

வழக்குக்கு இவ்வளவு போதும். ஆயினும் அந்த ஐந்தாண்டை நான் விரும்புவதற்கு இவை மட்டும் காரணமல்ல. அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் துணிவு வரவில்லை.

இங்கே சேர்ந்த முதல் வாரம், ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டீர்கள். ‘திருவனந்தபுரம்’ என்றேன். பொய்யன்று, மாவட்டம் அதுதான். ஆனால் என் ஊர் போனக்காடு. நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலையேறிப் போனால் வரும் தேயிலைத் தோட்டம். 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் அங்கிருந்துதான் புறப்படுவார்கள். தாத்தாவின் தகப்பனார் நெல்லைச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர். தாத்தா அங்கே பிறந்தவர். பாட்டி கொழுந்து கிள்ளினார். தாத்தா தொழிற்சாலையில் இலை வாட்டினார். இன்று அந்தத் தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. அப்பா நெடுமங்காட்டில் கட்டட வேலை செய்கிறார். தாத்தா மட்டும் இன்னும் லயத்தில் இருக்கிறார்.

லயம் என்றதும் தாளத்தை நினைத்திருப்பீர்கள். தோட்டத்தில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு அதுதான் பெயர். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. பெயரில் இசை இருக்கிறது. வீட்டில் அறை ஒன்றுதான்.

தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாம் போற்றும் அகத்தியரின் மலையடியில் பிறந்த நான் படித்ததோ மலையாளப் பள்ளியில். எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தது எந்தப் பள்ளியும் அன்று. தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் நிறையப் பாட்டுப் புத்தகங்கள். அந்நாளில் படக்கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்றவை. கதைச் சுருக்கம் பாதியில் நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அதன் பிறகு பாட்டுகள். இருபது வயதில் மலையிறங்கி நெடுமங்காட்டுக்குப் போய்ப் படம் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் தாத்தா ஒன்று வாங்கி வருவாராம்.

எனக்கு ஏழு வயது இருக்கும். டேப்ரிகார்டரில் பாட்டை ஓடவிட்டுப் புத்தகத்தை என் மடியில் விரிப்பார். அவர் விரல் சொல்லுக்குச் சொல் நகரும். ‘பாட்டு முடியுறதுக்குள்ள எழுத்தப் பிடிலே!’ என்பார். மூன்று நிமிடம், அதற்குள் கண் வரியின் கடைசிக்குப் போய்விட வேண்டும். தவறவிட்டால் நாடாவைத் திருப்பி மீண்டும் ஓடவிடுவார். இப்படித்தான் நான் ‘ழ’வைக் கற்றேன், ‘ற’வைக் கற்றேன். கண்ணதாசனே என் அரிச்சுவடி என்றால் மிகையாகாது.

தாத்தா காலத்தில் டேப்ரிகார்டர் ஏது? தோட்டத்துத் தேநீர்க் கடையில் இருந்த வானொலிதான். 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கி வைத்தது. 1957-இல்தான் விவித பாரதி பிறந்தது. அதற்குள் மக்கள் காது இலங்கை வானொலிக்குப் பழகிவிட்டது. ‘ராத்திரியானா மலைக்குக் காது தெறந்துரும்’ என்பார் தாத்தா. நான் இயற்பியல் படிக்க வந்த பிறகே அதன் பொருள் விளங்கிற்று. பகலில் அயனி மண்டலத்தின் அடித்தட்டு மத்திய அலைகளை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அத்தட்டு கரையும். மேல்தட்டு அலைகளைத் திருப்பி அனுப்பும். தொலைதூர நிலையங்கள் வந்து சேரும். தாத்தா சொன்னதும் பாடநூல் சொல்வதும் ஒன்றே.

இத்தனை அன்போடு கற்ற தமிழை நான் மறைத்து வைத்தேன். காரணம் உண்டு. மலையடிவாரப் பள்ளியில் சிலர் என்னைப் ‘பாண்டி’ என்று அழைத்தார்கள். இங்கே முதலாண்டுக் கூட்டமொன்றில் வரவேற்புரை வாசிக்க நின்றேன். என் வாசிப்பில் மலையாள இழுப்பு இருந்தது. பின்வரிசையில் யாரோ ‘சேட்டன் வாசிக்கிறார்’ என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்; அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்றுமுதல் மேடையில் வாசிப்பதை விட்டேன். ஊர்ப் பெயரையும் விட்டேன்.

அப்போதுதான் ஒரு செய்தியை நினைத்துப் பார்த்தேன். விசுவநாதன் பிறந்தது 1928-இல், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். தாய்மொழி மலையாளம். இராமமூர்த்தியோ திருச்சிராப்பள்ளிக்காரர். மலைக்கு அந்தப் பக்கத்தவர் ஒருவர், இந்தப் பக்கத்தவர் ஒருவர். இருவரும் ஆர்மோனியமும் வயலினுமாக உட்கார்ந்து செய்த இசையை, ‘இது யாருடைய தமிழ்?’ என்று எவரும் பிரித்துப் பார்த்ததில்லை. 1963-இல் அவர்களுக்குக் கிடைத்த ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டமும் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. தாத்தாவுக்கு 82 வயது. காது மிகவும் மங்கிவிட்டது. டேப்ரிகார்டரை எவ்வளவு உரக்க வைத்தாலும் அவருக்கு இரைச்சல்தான் கேட்கிறது, பாட்டுக் கேட்பதில்லை. பெட்டியைத் திறந்து ‘பாசமலர்’ புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ‘படிலே’ என்றார். அவர் காதோரம் குனிந்து ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தேன். என் இழுப்போடுதான் படித்தேன். அவர் விரல் தாளில் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. முன்பு நாடா பாட, நான் எழுத்தைத் தொடர்ந்தேன். இப்போது என் குரலை அவர் தொடர்ந்தார். ஓரிடத்தில் நான் அவசரப்பட்டேன். விரல் நின்றது. திரும்பப் படித்தேன்; விரல் நகர்ந்தது. கடைசிப் பாட்டு முடியும் வரை அவர் என்னை எழவிடவில்லை.

அறிவியல் மாணவன் என்பதால் ஓர் உவமை தோன்றுகிறது. ஒரே எண்ணிக்கையுள்ள அணுக்களில், அரைவாழ்வு குறைந்தவையே வினாடிக்கு மிகுதியாகக் கதிர் வீசும். அந்த ஐந்தாண்டும் அப்படிச் சுடர்ந்தது என்று எழுத நினைத்தேன். ஆனால் உவமை பாதியில் முறிகிறது. அணு சிதைந்தால் தீர்ந்தது. இராமமூர்த்தி 2013-இலும் விசுவநாதன் 2015-இலும் மறைந்த பின்னும், அவர்களுடைய மூன்று நிமிடப் பாட்டுகள் ஒரு மலைத்தோட்டத்தில் ஒருவனுக்கு எழுத்தறிவித்த வேலை இன்னும் தீரவில்லை.

ஆகவே நண்பர்களே, மாடிப்படி வழக்கில் என் கட்சி இதுவே. அடுத்த கூட்டத்தில் வரவேற்புரை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுங்கள்: போனக்காடு.