பழைய நிரலும் இருக்கட்டும்

கோட் டே நேஜ் வீட்டில் அம்மாவின் டெலிபோன் கொப்பியைக் கணினியில் ஏற்றினேன். ஆளுக்கொரு வரி, 'தமிழ்', 'இலங்கை' என்று நிரல்கள்.

"எல்லாரையும் ஒரே சாக்குக்க போட்டிட்டியே தம்பி?"

'இலங்கை'யை ஊர்களாகப் பிரித்தேன். பொதுப் பண்புள்ளவர்களை முடிச்சுகளாக அடுக்குவதே கருத்துருப் பின்னல். புது ஆள் சேர்ந்தால் முழுவதையும் அவிழ்க்காமல் திருத்தும் வழியை, மொன்றியலில் ரொபெர் கொடான், ரொக்கியா மிஸாவி, ஹசன் அலாவி 1995இல் எழுதினார்கள். பண்பு நுணுகும்போதும் அப்படித்தான்: 'இலங்கை' இல்லாத முடிச்சுகளைத் தொடவே வேண்டாம்.

தொட்டவற்றில் ஒன்று போய்விட்டது. அப்பா பதுளை, அம்மா யாழ்ப்பாணம். அப்பா போய் ஆறு வருடம். அவர் நம்பரை அம்மா வெட்டவில்லை. இனி இருவருக்கும் பொது 'தமிழ்' மட்டும். அதில் சென்னைக்காரரும் உண்டு.

"அந்தப் பழைய நிரலையும் விட்டு வை," என்றார்.

விட்டு வைத்தேன். பண்பைக் கூட்டினால் பழைய முடிச்சு எதுவும் அழியாது.