கடல் கடக்காத குடியேறிகள்

2018 ஏப்ரல் 30 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு சொல் மாற்றப்பட்டது. அன்றுதான் உள்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற சாஜித் ஜாவித், குடியேற்றக் கொள்கைக்கு வழங்கிவந்த ‘பகைமைச் சூழல்’ என்ற பெயர் தமக்கு உவப்பானதன்று என்றும், ‘விதிக்கு இணங்கும் சூழல்’ என்பதே பொருந்தும் என்றும் கூறினார். பாகிஸ்தானிலிருந்து வந்து பேருந்து ஓட்டிப் பிழைத்த ஒருவரின் மகன் அவர். பெயர் மாறியது. வீட்டை வாடகைக்கு விடுபவரும் வங்கியும்கூட, எதிரில் நிற்பவரின் குடியேற்றத் தகுதியைச் சோதித்தாக வேண்டும் என்ற சட்ட விதிகள் அப்படியே நின்றன.

அச்சொல்லை மாற்ற நேர்ந்ததன் பின்னணி வின்ட்ரஷ் விவகாரம். 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறையில் ‘எம்பயர் வின்ட்ரஷ்’ கப்பலிலிருந்து இறங்கிய கரீபியத் தீவினர், பிரிட்டிஷ் முடியின் பிரஜைகளாகவே வந்தார்கள். அவ்வாண்டு இயற்றப்பட்ட தேசியச் சட்டம், பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் பொதுவான ஒரே குடியுரிமையை வகுத்தது. அவர்கள் கடலைக் கடந்தார்கள். சட்டப்படி எந்த எல்லையையும் கடக்கவில்லை. எல்லை பின்னர்தான் அவர்களைக் கடந்துசென்றது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் காமன்வெல்த் நாட்டினரின் வருகைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1968இல், கென்யாவிலிருந்து வெளியேறிய இந்திய வம்சாவளியினர் கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தும் தடையின்றி நுழைய முடியாதபடி, மூன்றே நாட்களில் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. பெற்றோர் அல்லது அவர்தம் பெற்றோருள் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனைகளுள் ஒன்று. நிறம் என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. பாட்டனார் பிறந்த இடமே நிறத்தின் வேலையைச் செய்துவிட்டது.

1973க்கு முன் வந்து நிலைகொண்டவர்களின் உரிமை காக்கப்பட்டது. ஆனால் அதற்குச் சான்றாக ஒரு தாள்கூட அவர்களுக்கு வழங்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தாளைக் காட்டுமாறு அரசு கேட்டது. வந்திறங்கியபோது பதிவான அட்டைகளை 2010இல் அழித்ததும் அதே அரசின் உள்துறைதான். பள்ளிப் பருவத்தில் வந்து, உழைத்து, வரி செலுத்தி முதுமையடைந்தவர்கள் வேலையையும் மருத்துவத்தையும் இழந்தனர். சிலர் சிறைவைக்கப்பட்டனர். குறைந்தது 83 பேர் நாட்டைவிட்டே அகற்றப்பட்டது பின்னர் தெரியவந்தது.

இங்கே ‘குடியேறி’ என்ற சொல்லின் பொருட்கூறுகளை ஆராய்வது தகும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்தலே அதன் அடிப்படைப் பொருள். ஆயினும் ஸ்பெயின் கடற்கரையில் குடியிருக்கும் ஆங்கிலேயரைப் பொதுவாக ‘எக்ஸ்பாட்’ என்றே பிரிட்டிஷ் ஏடுகள் எழுதும். லண்டனில் பிறந்து, கடலையே கடக்காத ஒருவரோ ‘இரண்டாம் தலைமுறைக் குடியேறி’ ஆகிறார். பெயராதவர் குடியேறியாகவும் பெயர்ந்தவர் வேறொன்றாகவும் அழைக்கப்படும்போது, அச்சொல் பயணத்தைக் குறிப்பதை நிறுத்திவிட்டது என்றே கொள்ள வேண்டும். அது குறிப்பது தோற்றத்தை.

இக்குறையைப் பிரதிநிதித்துவம் தீர்க்கும் என்ற நம்பிக்கை பழமையானது. 1888இல் பிரதமர் சாலிஸ்பரி, ஒரு கறுப்பரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பிரிட்டிஷ் தொகுதி எதுவும் வந்துவிட்டதா என்று தாதாபாய் நௌரோஜியைக் குறித்து ஐயம் எழுப்பினார். 1892இல் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி வாக்காளர்கள் 5 வாக்கு வித்தியாசத்தில் அதற்கு விடையளித்தனர். 1987இல் டயான் அபட், பால் போட்டெங், பெர்னி கிராண்ட், கீத் வாஸ் ஆகிய நால்வர் ஒருசேர மக்களவைக்குள் நுழைந்தனர். 2022இல் ரிஷி சுனக் பிரதமரானார்.

ஆனால் அவர் ஆட்சியில்தான், புகலிடம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் சட்டமாக வலுப்பெற்றது. அந்நாடு பாதுகாப்பானதன்று என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கண்டது; அது பாதுகாப்பானதே என்று 2024இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அறிவித்தது. சொல்வதாலேயே ஒன்றை நிகழ்த்திவிடும் கூற்றுகளுக்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு அரிது. அதற்கு முன் புள்ளி அடிப்படையிலான குடியேற்ற முறையைக் கொணர்ந்த பிரீத்தி பட்டேல், அவ்விதிகளின்கீழ் தம் பெற்றோரே வந்திருக்க இயலாமல் போயிருக்கலாம் என்பதை ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

இவர்களை இனத் துரோகிகள் என்று ஏசுவது எளிது, அது நியாயமுமன்று. சிறுபான்மையர் அனைவரும் ஒரே கருத்தையே கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தோற்றத்தைக் கொண்டு மனிதரை அளப்பதே. ஹன்னா பிட்கின் 1967இலேயே, ஒருவரைப் போல இருப்பதையும் ஒருவருக்காகச் செயற்படுவதையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது பின்னதற்கு உறுதியளிப்பதில்லை.

எனினும் முன்னது வீணென்றும் சொல்வதற்கில்லை. பெர்னி கிராண்ட் மறைந்தபின் அவருடைய டாட்டன்ஹாம் தொகுதியில் 2000இல் வென்றவர், கயானாவிலிருந்து வந்த பெற்றோரின் மகனான டேவிட் லாமி. 2018 ஏப்ரல் 16 அன்று அவர் அவையில் எழுந்து, வின்ட்ரஷ் தலைமுறையினருள் எத்தனை பேர் அடைக்கப்பட்டனர், எத்தனை பேர் வெளியேற்றப்பட்டனர் என்று எண்ணிக்கை கேட்டார். அரசிடம் விடையில்லை. அதுவரை தனித்தனித் துயரங்களாகச் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தவை, அன்று அரசே பதில் சொல்ல வேண்டிய பொருளாயின. ஜாவித் செய்தது பெயர்மாற்றம். லாமி கேட்டது கணக்கு.

2024 ஜூலையில் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றார். ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த பெற்றோரின் மகள் மக்களவையின் முதல் தமிழ் உறுப்பினரானதைத் தமிழுலகம் கொண்டாடியது, கொண்டாடத் தக்கதே. அம்மாத இறுதியில் சவுத்போர்ட் நகரில் சிறுமிகள் மூவர் கொல்லப்பட்டனர். கொலையாளி படகில் வந்த அகதி என்று பொய்ச்செய்தி பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன் என்று காவல்துறை அறிவித்த பின்னரும் கலவரம் ஓயவில்லை. பள்ளிவாசல்களும், புகலிடம் கோருவோர் தங்கியிருந்த விடுதிகளும் தாக்கப்பட்டன. பிறப்பிடம் இங்கேதான் என்பது அக்கூட்டத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவையில் எத்தனை முகங்கள் மாறின என்பது ஓர் அளவுகோல். தாம் இந்நாட்டவர் என்று மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில் இன்னும் இருக்கிறது என்பது மற்றோர் அளவுகோல். முதலாவதைத் தேர்தல் முடிவு வெளியான இரவே எண்ணிவிடலாம். இரண்டாவதை, வாடகைக்கு வீடு கேட்டு நிற்பவரிடம் எந்தத் தாள் கேட்கப்படுகிறது என்பதைக் கொண்டே அறிய முடியும்.