சுமேரு தெரிந்த மாலை

ஷாங்காயில் வரைந்த ஒரு கற்பனைக் காட்டின் பெயர்கள், ஆந்திர எல்லையில் உள்ள மூங்கில் ஊருக்கு ஏன் பழக்கமானவையாக இருந்தன?

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்களுக்குப் புத்தூர் என்றால் எலும்புக் கட்டுதான் ஞாபகம் வரும். பஸ் அங்கே நிற்கும், கிளம்பும், மலை தெரிகிறதா என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அந்தச் சாலையை விட்டு மேற்கே கார்வேட்டிநகரம் பக்கம் போகிறவர்கள் சொற்பம். போனால் ஒரு காலத்து ஜமீன் தலைநகரம், வேணுகோபால சுவாமி கோயில், பிறகு மாந்தோப்புகள், குன்றுகள். அந்தப் பக்கத்தில் இருக்கிறது சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் மண்டலம்.

ஊரின் ஜாதகம் பெயரிலேயே இருக்கிறது. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் என்றதும் சென்னைவாசிக்குக் கடற்கரையும் கட்டுமரமும் நினைவுக்கு வரும். இங்கே கடல் கிடையாது, குப்பம் என்றால் வெறும் சிற்றூர். ஒட்டுப்போட்ட பெயர். ஆனால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்கள் தேடுவதில்லை.

தேடுவது வரைபடம் போடுகிறவர்களின் வேலை. சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திரத்துக்குப் போனது. பிறகு 1960 ஏப்ரல் 1-ல் எல்லைகள் மறுபடி திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதை. அத்தோடு முடியவில்லை. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானது. புத்தூர் அந்தப் பக்கம் சேர்ந்தது, வெதுருகுப்பம் சித்தூரிலேயே நின்றுவிட்டது. பக்கத்து ஊர் திடீரென்று பக்கத்து மாவட்டம்!

நான்கு மாதம் கழித்து இன்னொரு வரைபடம் திறந்தது. அதை வரைந்தவர்கள் அமராவதியிலோ டெல்லியிலோ இல்லை, ஷாங்காயில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, ஆடி மாதக் கடைசி. சுதந்திரத்தின் 75-வது ஆண்டுக்காக வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன மூன்று நாட்களில் முதல் நாள். மாலை ஐந்தரை, இந்தப் பக்கத்தில் பால் கறக்கிற நேரம். அப்போதுதான் ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற இணைய விளையாட்டு, சுமேரு என்ற தன் புதிய பிரதேசத்தை நேரலையில் காட்டியது.

மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28-ல் வெளியிட்ட விளையாட்டு அது. அந்த மாதம் 2-ம் தேதிதான் இந்திய அரசு ‘பப்ஜி மொபைல்’ உட்பட 118 செயலிகளைத் தடை செய்திருந்தது. அந்தப் பட்டியல் முடிந்த பிறகு வந்ததாலோ என்னவோ, கென்ஷின் தப்பிப் பிழைத்தது. இதில் சுடுவதும் ஜெயிப்பதும் பெரிதல்ல. ஊர் சுற்றுவதுதான் முக்கியம். ஏழு நாடுகள், ஏழு தெய்வங்கள், ஏழு பூதங்கள். முதல் நாடு ஜெர்மனி மாதிரி, இரண்டாவது சீனா, மூன்றாவது ஜப்பான். ஏழு பூதங்களில் தாவரம் மட்டும் இரண்டு ஆண்டுகளாக விளையாடுகிறவர்கள் கைக்குக் கிடைக்காமலே இருந்தது. அதற்குச் சொந்தமான நாடு நான்காவதாக வர வேண்டிய சுமேரு. ஜப்பான் சாயல் கொண்ட இனாசுமா திறந்தது 2021 ஜூலையில். அதன்பின் ஓராண்டுக்கும் மேல் காத்திருப்பு.

நேரலையை இன்றைக்கும் ஆசையோடு பேசுகிறவர்கள் அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குரல் நடிகர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், இடையிடையே காட்சிகள் ஓடும், ஓரத்தில் ரசிகர்களின் கூச்சல் எழுத்துக்களாய்ப் பறக்கும். நடுவில் மூன்று குறியெண்கள் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் நூறு ரத்தினம். சீக்கிரமே காலாவதியாகிவிடும் என்பதால் பேனா தேடுகிற அவசரம். ஒரு புதிய பாத்திரத்துக்காக ஒருமுறை அதிர்ஷ்டம் பார்க்க 160 ரத்தினம் வேண்டும். ஆக மூன்றையும் சேர்த்தால் ஒரு முறை பார்க்கலாம், இரண்டாவதற்குக் கொஞ்சம் குறையும். அந்தக் குறைச்சலில்தான் கம்பெனியின் வியாபாரம். 2003-ல் லாட்டரியை ஒழித்த தமிழ்நாட்டுக்கு இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை.

திரையில் காடு விரிந்தது. ஒரு ராட்சத மரத்தைச் சுற்றியே கட்டப்பட்ட நகரம். ஆள் உயரத்தைத் தாண்டிய காளான்கள், மேலே குதித்தால் தூக்கி எறியும். காட்டைக் காவல் காக்கிற நீளக் காதுக்காரன் திக்னாரி, அவனிடம் வேலை பழகும் கோலேய், காசே குறியான வியாபாரி டோரி. டோரிக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் அஞ்சலி குனப்பனேனி. அந்தக் குடும்பப் பெயர் எந்தப் பக்கத்துப் பெயர் என்று சித்தூரில் யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனால் வெதுருகுப்பத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு உண்மையான விருந்து பெயர்கள்தான். அந்த ஆண்டு கென்ஷினில் தாய், வியட்நாமிய, இந்தோனேசிய மொழிகள் இருந்தன. இந்திய மொழி ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட விளையாட்டில் நாட்டின் பெயர் சுமேரு. மேரு மலையைக் கேள்விப்படாத வீடு இங்கே ஏது? காட்டின் பெயர் அவித்யா. அறிஞர்களின் நாட்டில் அறியாமைக்கு ஒரு காடு, வரைந்தவர்களுக்குக் குறும்பு இல்லாமல் இல்லை. அதற்குள் ஓர் ஊர், கந்தர்வ. ஒரு மலை, தேவாந்தக. இராவணன் பிள்ளையின் பெயர் அது. பழைய தெய்வத்தின் பெயர் ருக்கதேவதா. ருக்க என்பது பாலி மொழி, நாம் விருட்சம் என்கிறோம். காதில் மாட்டிக்கொண்டால் அறிவை நேராக ஊட்டும் கருவிக்கு ஆகாஷா. இசைத் தொகுப்பின் தலைப்பில்கூட ஞானமும் வித்யாவும் இருக்கின்றன. லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு பான்சுரியும் சித்தாரும் சேர்ந்து ஒலித்த இசை அது.

உள்ளே போகப் போக இன்னும் சுவாரஸ்யம். அரநாரா என்று குட்டி வனதேவதைகள். குழந்தைகள் கண்ணுக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. சுமேருவில் வளர்ந்தவர்களுக்குக் கனவே வராது. இந்தக் குட்டிகளில் ஒன்றின் பெயர் அராமா, இன்னொன்று அரபாண்டு. மனிதனை அவை ‘நரா’ என்று கூப்பிடுகின்றன. அவை வருகிற நீண்ட கதைக்கு ஆரண்யகம் என்று தலைப்பு. திரௌபதி அம்மன் திருவிழாவில் நாள்கணக்கில் பாரதம் கேட்டு, தெருக்கூத்து பார்த்து வளர்கிற மாவட்டம் இது. உலகத்தின் மற்ற மூலைகளில் அகராதி தேடிய இடத்தில் இங்கே சிரித்திருப்பார்கள்.

வருணா என்றொரு மழை யந்திரமும் உண்டு. அது கெட்டுப்போய் ஒரு காட்டில் மழை நிற்காமல் கொட்டுகிறது, சரிசெய்து நிறுத்த வேண்டும். போர்வெல் போட்டுப் போட்டு வானத்தைப் பார்க்கும் ராயலசீமைக்கு மழையை நிறுத்துவது விசித்திரமான வேலைதான். ஆனால் 2021 நவம்பரில் திருப்பதி வீதிகளில் வெள்ளம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த யந்திரத்தின் கோளாறு புரியும்.

இத்தனைக்கும் சுமேரு இந்தியா அல்ல. அங்கே உள்ள பெரிய கல்விக்கூடத்தில் ஆறு பிரிவுகள். பிரிவுக்கு ‘தர்ஷன்’ என்று பெயர், ஷட்தரிசனம் போல. ஆனால் ஆறின் பெயர்களும் பாரசீகம், பார்சிகளின் பழைய வேதத்திலிருந்து வந்தவை. பின்னால் வந்த பாலைவனத்தில் எகிப்துச் சாயல். வேறு வேறு தேசங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிட்டார்கள் என்று அப்போதே குறை எழுந்தது. வெதுருகுப்பத்திலிருந்து பார்த்தால் இந்தக் குறை அவ்வளவு கனமாகத் தெரியாது. மூங்கிலைத் தெலுங்கிலிருந்தும் குப்பத்தைத் தமிழிலிருந்தும் எடுத்துக்கொண்ட ஊர், கலப்படம் என்று எதைச் சொல்லும்?

இன்னொரு குறை வேறு ரகம். அது கனமானது. நேரலைக்கு முந்தைய மாதம் பாத்திரங்களின் படங்கள் வெளிவந்தபோது, பெயர் எங்களுடையது, நிறம் யாருடையது என்று தெற்காசிய, மேற்காசிய ரசிகர்கள் கேட்டார்கள். சைனோ, கேண்டிஸ், டெஹ்யா போன்ற சிலர்தான் மாநிறம். அவர்கள் பாலைவனத்தைச் சேர்ந்தவர்கள். கந்தர்வ, அவித்யா என்று நமக்குப் பழகிய சொற்கள் விளைகிற காட்டில் திக்னாரியும் கோலேயும் வெள்ளை வெளேர். விருட்ச தேவதையின் வாரிசாக வரும் குட்டித் தெய்வம் நஹிதாவும் அப்படியே. புராணத்தைத் தேடிப் படித்தவர்கள், வாசிக்கக் கலைஞர்களையும் தேடிப் பிடித்தவர்கள், முகத்தை மட்டும் தேடாமல் விட்டதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வது கஷ்டம். சிவப்பழகு க்ரீம் விற்ற நாடு இதைக் கேட்கலாமா என்று ஒரு நக்கலும் வந்தது. கேட்டவர்கள் க்ரீம் விற்றவர்கள் அல்ல.

இருந்தும் அந்த மாலை கசக்கவில்லை. கோபித்துக்கொண்டவர்களில் பலரே ஆகஸ்ட் 24-ல் சுமேரு திறந்ததும் உள்ளே போனார்கள். காட்டின் முகப்பில் நின்று, பச்சை மலைச்சரிவுக்கு அப்பால் அந்த மரத்து நகரம் முதன்முதலாகத் தெரிவதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 28-ல் பாலைவனம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை சுமேரு வளர்ந்துகொண்டே இருந்தது.

2023 ஆகஸ்டில் அடுத்த நாடு வந்தது, ஃபோன்டைன். அழகான நாடு, தண்ணீருக்குள் நீந்தலாம். ஆனால் பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு. வெதுருகுப்பத்துப் பார்வையாளன் மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று.