ஒரு தட்டும் நான்கு அறைகளும்

அரபு மொழியில் ‘ஸஹ்ன்’ என்னும் சொல்லுக்குத் தட்டு என்பது பொருள். பள்ளிவாசலின் நடுவே வானம் தெரியத் திறந்து கிடக்கும் முற்றத்தையும் அரபியர் ‘ஸஹ்ன்’ என்றே வழங்குவர். நம் கரையோர ஊர்களில் அச்சொல் ‘சகன்’ எனத் திரிந்து, விருந்துகளில் சிலர் கூடியமர்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டுக்குப் பெயராயிற்று. இக்காலத்து அரபு எழுத்தில் அதே சொல் இன்னொரு பொருளையும் ஏற்றிருக்கிறது. மொட்டை மாடியில் நின்று, செயற்கைக்கோளிலிருந்து வரும் தொலைக்காட்சி அலைகளை வாங்குகிறதே ஒரு தட்டு, அதற்கு அவர்கள் இட்ட பெயர்களுள் ‘ஸஹ்ன்’ என்பதும் ஒன்று. சொல்லாராய்ச்சி நமக்குப் பழகிப்போன நோய். அதனை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். இந்தப் புதிய ஸஹ்ன் நம் வீட்டுக்குள் மூட்டிய ஒரு மனத்தாங்கலையும், அது தீர்ந்த வகையையும், தீராமல் எஞ்சிய ஒன்றையும் எழுதுவதே நோக்கம்.

காயல்பட்டினத்து வழக்கத்தை அறியாத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெண்மக்கள் மணமான பின்னும் தாய்வீட்டுப் பக்கமே வாழ்வர்; மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குச் செல்வார். இயன்றவர்கள் மகளுக்குத் தனிவீடு கட்டித் தருவர். இயலாதவர்கள் இருக்கும் வீட்டையே அறை அறையாகப் பகிர்ந்தளிப்பர். நம் துணைவியாரின் வீடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சகோதரிகள் நால்வர். மூத்தவரை மணந்தவர் நாம். இளைய மூவரின் கணவர்களும் வெளிநாட்டில் தொழில் புரிவோர். அனைவர்க்கும் தலைவியாக இருப்பவர் நம் மாமி. 2018-இல் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து கூடத்தில் அமர்த்துவது மாலைதோறும் நடக்கும் செயலாயிற்று.

அந்தக் கூடத்தில்தான் தொலைக்காட்சி இருந்தது. இலங்கையின் ரூபவாஹினி 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கியதும், நம் கடற்கரை ஊர்களில் இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் ஆன்டெனா கட்டி, கடல் கடந்து வந்த படத்தைப் பிடித்துப் பார்த்த காலத்தை ஐம்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று ஒரு வீட்டில் படம் தெரிந்தால் தெருவே திண்ணையில் கூடும். பின்னர் கேபிள் வந்தது. அதன்பின் மாடியில் தட்டு வந்தது. தெரு கலைந்து வீடாயிற்று. வீடு கலைந்து அறையாவதுதான் மிச்சமிருந்தது. அது நம் வீட்டில் 2020-இல் நேர்ந்தது. பிள்ளைகளின் பள்ளிகள் மூடப்பட்டு, எல்லாரும் நாள் முழுதும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருந்த ஆண்டு அது. ஒருவருக்குச் செய்தி வேண்டும், ஒருவருக்குத் தொடர்கதை வேண்டும், சிறுவர்களுக்குப் பொம்மைப்படம் வேண்டும். தொலை இயக்கிக்காக நடந்த போராட்டத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. வாசகர்களின் வீட்டிலும் அது நடந்திருக்கும்.

ஊரடங்கு தளர்ந்ததும், இரண்டாவது மைத்துனியும் கடைசி மைத்துனியும் தத்தம் அறைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றனர். அதற்கு இருவழிகள் உண்டு. ஒரே பெட்டியிலிருந்து வெளிவரும் படத்தை நீண்ட கம்பிகளால் எல்லா அறைகளுக்கும் கொண்டு செல்வது முதல் வழி. செலவு குறைவு, மாதக் கட்டணமும் ஒன்றுதான். ஆயின் கூடத்தில் எது ஓடுகிறதோ அதுவே எல்லா அறைகளிலும் ஓடும். மற்ற வழி, தட்டு ஒன்றாக இருக்க, அறைக்கொரு பெட்டி வைப்பது. ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் அவரவர் விரும்பியதை அவரவர் பார்க்கலாம். மைத்துனியர் கேட்டது இரண்டாவதை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பெட்டிகள் வந்தன. தட்டு மாட்டும் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். மாடியிலிருந்து இறங்கிய ஒற்றைக் கம்பியை நடுவில் வெட்டி, விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பொருத்தி, அதிலிருந்து மூன்று கம்பிகளை இழுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போனார். அன்று பகல் முழுதும் மூன்று அறைகளிலும் படம் தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு, வழக்கம்போல் மாமி கூடத்துப் பெட்டியைச் சுவரிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டுப் படுக்கச் சென்றார்கள். அக்கணமே மற்ற இரு அறைகளிலும் படம் நின்றது.

முதல் நாள் மின்தடை என்று நினைத்தனர். இரண்டாம் நாளும் ஒன்பது மணிக்கே நின்றது. மூன்றாம் நாள் கடைசி மைத்துனி அறையிலிருந்து வந்து, எல்லார் காதிலும் விழும்படி, “உம்மா படுத்தா வீடே படுக்கணுமா? வேணும்னே செய்றாங்க” என்று சொல்லிவிட்டார். மாமிக்குக் காது மந்தம். ஆயினும் சில சொற்கள் மந்தமான காதிலும் விழுந்துவிடுகின்றன. மறுநாள் மாலை கூடத்துக்கு வர மறுத்துவிட்டார்கள். நாம் அருகில் சென்று அமர்ந்தபோது கேட்டார்கள்: “மருமகனே, என் வீட்டு வெளக்கை நான் அணைச்சா அடுத்த வீட்டு வெளக்கு அணையுமா? எனக்கேன் இந்தப் பழி?” நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரியாமல் யாரையும் சமாதானப்படுத்த முடியாது என்று நமக்குத் தோன்றிற்று.

மாட்டியவரை அழைத்தோம்; வரவில்லை. நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர், துபையில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தட்டு அமைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவரை அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினோம். இரும்புத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “ஹஜரத், இது கேபிள் டி.வி.க்கு உள்ளது. இதுக்கு இங்க வேலையே இல்ல” என்றார்.

அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் தருகிறோம். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் மெலிந்த அலையைத் தட்டு ஒருமுகப்படுத்தித் தன் முன்னே நீட்டிய கைமீதிருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவிக்குள் செலுத்துகிறது. விண்ணிலிருந்து வரும் அலைவரிசை மிக உயர்ந்தது, கம்பிக்குள் இறங்காது. ஆகவே எல்.என்.பி. அதனை 950 முதல் 2150 மெகாஹெர்ட்சு வரையுள்ள எல்லைக்குத் தாழ்த்தி, வலுவும் ஏற்றிக் கீழே அனுப்புகிறது. இவ்வேலைக்கு அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கீழேயுள்ள பெட்டியிலிருந்து, அதே கம்பி வழியாக மேலே செல்கிறது! ஒரே கம்பியில் மின்சாரம் ஏறுகிறது, படம் இறங்குகிறது. இதனைக் கேட்டபோது நாம் சற்று நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதை மறைப்பானேன்?

கேபிள் தொலைக்காட்சிக்குரிய பிரிப்பான் 1000 மெகாஹெர்ட்சு வரைக்கும் செய்யப்பட்டது. தட்டிலிருந்து வரும் அலையோ பெரும்பாலும் அதற்கு மேற்பட்டது. எனவே படம் வலுவிழந்து, சிலபோது சதுரம் சதுரமாகச் சிதறும். அதைவிடப் பெரிய குறை, நம் வீட்டில் மாட்டிய பிரிப்பான் மூன்று வழிகளில் ஒன்றில் மட்டுமே மின்சாரத்தை மேலே விட்டது. அந்த ஒரு வழி கூடத்துப் பெட்டிக்குப் போயிருந்தது. ஆக, கூடத்துப் பெட்டி உயிரோடிருந்தால்தான் எல்.என்.பி.க்கு உயிர், மாமி சுவரில் நிறுத்தினால் மாடியிலிருக்கும் கருவியே உறங்கிவிடும். மூன்று நாள் வீட்டை இரண்டாக்கிய வழக்கின் முழுக்காரணமும் இதுவே.

மின்சாரத்தை எல்லா வழிகளிலும் விடும் பிரிப்பான் போட்டால் போதாதா என்று கேட்டோம். போதாது என்றார். விண்ணிலிருந்து அலைகள் செங்குத்து, கிடை என்று இருவகை நிலைகளில் வரும். பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலைகளைத் தரும். 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலைகளைத் தரும். இருவகையும் கலந்து வரும் சேவையில், ஓர் அறைக்காரர் 13 கேட்க, மற்றவர் 18 கேட்டால், கூடிய மின்னழுத்தமே வெல்லும். குறைத்துக் கேட்டவரின் திரை இருண்டுவிடும். ஓர் எல்.என்.பி. ஒரே நேரத்தில் இருவர் சொல்லைக் கேளாது.

இதற்கு மாற்று, ‘குவாட்’ எல்.என்.பி. பார்வைக்கு ஒரே கருவி. உள்ளே நான்கு தனித்தனி வெளிவாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அறைக்குத் தனிக்கம்பி. ஒருவர் பெட்டியை நிறுத்தினாலும் மற்றவருக்குக் கேடில்லை. வாசகர்கள் கடைக்குச் செல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘குவாட்ரோ’ என்று வேறொன்று உண்டு. அதிலும் வாய்கள் நான்கே. ஆனால் அவை அலைகளை நான்கு பகுதிகளாகப் பிரித்து, வாய்க்கொரு பகுதியாக மட்டுமே தரும். அதனை மல்டிசுவிட்ச் என்னும் பெட்டிக்குள் செலுத்தி, அங்கிருந்து பல வீடுகளுக்குப் பகிர்வர். துபையின் அடுக்குமாடிகளில் அவர் செய்த வேலை அதுதான். குவாட்ரோவை வாங்கி நேரே வீட்டுப் பெட்டியில் செருகினால், சில அலைவரிசைகள் வரும், சில ஒருநாளும் வாரா. ‘ஸீன்’ எழுத்தின்மேல் மூன்று புள்ளி வைத்தால் ‘ஷீன்’ ஆகிவிடும் என்று நாற்பது பிள்ளைகளுக்கு நாள்தோறும் கற்பிக்கும் நமக்கு, ஓர் எழுத்தின் கூடுதலால் பொருள் முழுதும் மாறுவது வியப்பளிக்கவில்லை.

புதிய கருவியை மாட்டும்போது தட்டு சற்று அசைந்துவிட்டதால், திசை பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. நம் வீட்டுத் தட்டு நோக்கவேண்டிய இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜீசாட் 15 நிற்கும் இடமும் அதுவே. கிப்லாவின் திசையைக் காண நாம் மதரஸாவில் கற்ற கோள முக்கோணக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். காயல்பட்டினத்திலிருந்து கிப்லா வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 293 பாகை. தட்டு பார்க்கவேண்டிய திசை ஏறத்தாழ 118 பாகை. கிட்டத்தட்ட நேர்முதுகு! உயரமோ தொடுவானத்திலிருந்து 69 பாகை. ஆயினும் தட்டின் முகம் அவ்வளவு அண்ணாந்து இராது, எல்.என்.பி. நடுவில் அல்லாமல் கீழ்ப்பக்கம் நீண்டிருக்கும்படி அமைத்த தட்டு, தான் பார்ப்பது போலத் தோன்றும் இடத்துக்கும் மேலேதான் உண்மையில் பார்க்கிறது. மாணவர் அளவுமானியைப் பிடித்துத் தட்டை நிறுத்திய இடமும் நம் தாளிலிருந்த இடமும் ஒத்திருந்தன. அந்த மகிழ்ச்சியை வேறெவரும் பொருட்படுத்தவில்லை.

கம்பியைப் பற்றியும் அவர் கண்டிப்பாக இருந்தார். நடுவில் ஒட்டுப்போடாத ஒரே நீளக் கம்பி. ஒவ்வொரு முனையிலும் நீர்புகாத மூடி. இந்த அலைவரிசையில் ஏறத்தாழ 30 மீட்டர் கம்பி ஓடினாலே அலையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடுமாம், எல்.என்.பி. முன்னரே வலுவேற்றி அனுப்புவதால் அந்த இழப்பைப் பெட்டி தாங்கிக்கொள்கிறது. ஆனால் கடற்காற்றின் உப்பு முனைக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிட்டால் தாங்காது. எனவே சுவருக்குள் நுழையுமுன் கம்பியைச் சற்றுத் தொங்கலாக வளைத்துவிடச் சொன்னார். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், அறைக்குள் வராது.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மாமி கூடத்துப் பெட்டியை நிறுத்தினார்கள். கடைசி மைத்துனியின் அறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து தாயின் கால்மாட்டில் அமர்ந்தார். என்ன பேசினார் என்பது நமக்குத் தெரியாது. நாம் கேட்கவும் இல்லை.

வழக்கு தீர்ந்தது. ஆனால் வாய்கள் நான்கு, கம்பிகள் மூன்று. நான்காவதை மாமியின் அறைக்கே கொடுத்துவிடலாம் என்று நாம் சொன்னோம். படுத்தபடியே பார்க்கலாம், யாரும் தாங்கிப்பிடித்து அழைத்துவர வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். மாமி உடனே மறுத்துவிட்டார்கள். “என் ரூம்ல வெச்சிட்டா, அப்புறம் என்னைய கூடத்துக்கு யாரு கூட்டிட்டு வருவா?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குக் கோள முக்கோணத்தில் விடை இல்லை. உள்ளதைச் சொன்னால், அறைக்கொரு பெட்டி வந்தபின் கூடம் மெலிந்துதான் போயிற்று. முன்பு மாலையில் பதினொரு பேர் அமரும் இடத்தில் இப்போது பெரும்பாலும் மாமியும், நம் துணைவியாரும், விடைத்தாள் திருத்திக்கொண்டு நாமும்தான். தட்டின் மேல் பழிபோட நமக்கு மனமில்லை. கைப்பேசி வந்த வீட்டில் கம்பியே இல்லாமலும் இது நடக்கிறது. பெட்டி கேட்ட மகளிரையும் குறைகூறமாட்டோம். ஆண்டில் பதினொரு மாதம் கணவனைப் பிரிந்திருப்பவளுக்கு இரவில் தன் அறையில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது என்பது, வீட்டோடு இருக்கும் நம்மைப் போன்றவர்க்கு எளிதில் புரியாது. எனினும் கூடத்தில் அமர்ந்து பார்க்க யாரேனும் இருக்கவேண்டும் என்று மாமி கருதுவதிலும் பிழை காணோம். இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொண்டு வாழ்வது கடினம்; வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

நான்காவது வாய்க்கு ரப்பர் மூடி போட்டு, மேலே நாடாவும் சுற்றி வைத்திருக்கிறது. மூன்றாவது மைத்துனி இதுவரை பெட்டி கேட்டதில்லை. அடுத்த மாதம் அவர் கணவர் ஜித்தாவிலிருந்து விடுப்பில் வருகிறார். தம் அறைவரைக்கும் கம்பி எத்தனை மீட்டர் வேண்டும் என்று அளந்து வைக்குமாறு தொலைபேசியில் நம்மைக் கேட்டிருக்கிறார். அளந்துவிட்டோம், 22 மீட்டர். மாமியிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.