டிரைவர் ஏன் ஒடிச்சுத் திருப்பல?



பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928-ஆம் ஆண்டு அதே நாளில்தான் சர் சி.வி.ராமன் 'ராமன் விளைவை'க் கண்டறிந்தார். சுவர்ப் பத்திரிகைக்கு எல்லோரும் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதித் தந்திருக்கிறார்கள். நான் எங்கள் தெரு வாண்டு ஒருவனைப் பற்றி எழுதப் போகிறேன். அவனிடம் நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்து, நாங்கள் படித்ததெல்லாம் மறந்து போச்சு. 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. எங்கள் தெரு அக்கா ஒருவர் சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவரைப் பார்த்துத்தான் எனக்கும் டீச்சர் ஆசை வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு வாண்டுகள் என்னிடம் படிக்கிறார்கள். ஃபீஸ் கிடையாது. எப்போதாவது கொய்யாக்காய் கிடைக்கும்.

2024 அக்டோபர் 11 ஆயுத பூஜை. நம் ஊரில் அந்த நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராத்திரி எட்டரை மணி இருக்கும். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், நம்ம ஸ்டேஷனில் நின்றிருந்த கூட்ஸ் வண்டி மேல் மோதிவிட்டது. ஒரு பெட்டி தீப்பிடித்தது. எங்கள் தெரு ஆம்பளைகள் டார்ச் லைட்டும் தண்ணிக் குடமுமாக ஓடினார்கள். பலருக்கு அடிபட்டது. ஆனால் ஒருவர்கூட சாகவில்லை என்று கேட்டபோதுதான் எங்கள் அம்மா உட்கார்ந்தார்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துப் படிக்கிற நாள். வாண்டுகளும் வந்தார்கள். அதில் ஒருத்தன் அப்போது ரெண்டாங்கிளாஸ். புத்தகத்தைப் பிரிக்காமலே கேட்டான்:

"யக்கா, எதிர்ல கூட்ஸ் வண்டி நிக்குதுல்ல? டிரைவர் ஏங்கா ஒடிச்சுத் திருப்பல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். "இதெல்லாம் பரிட்சையில வராது. நல்ல நாளும் அதுவுமா வாயைப் பாரு! ஒழுங்கா வாய்ப்பாட்டைச் சொல்லு" என்று அதட்டிவிட்டேன். அவன் வாய்ப்பாடு சொன்னான். அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

நாலு நாள் கழித்து அவன் அம்மா குழாயடியில் சொன்னார். அவன் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறார். ஒரே ஒரு ஸ்டேஷன்தான், ரயிலில் போவார். அவர் கிளம்பும்போதெல்லாம் இவன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறானாம். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவன் சும்மா கேட்கவில்லை. அவன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறான்.

எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தெரியலன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே. தெரிஞ்சுக்கிட்டு மறுநாள் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு டீக்கடை பேப்பர் கப் ரெண்டு எடுத்து, வாயோடு வாய் வைத்து ஒட்டினார். அது நடுவில் பெருத்தும் ரெண்டு ஓரமும் சிறுத்தும் இருந்தது. இன்னும் ரெண்டு கப்பை அடியோடு அடி ஒட்டினார். ரெண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம் மாதிரி சரிவாக வைத்து உருட்டச் சொன்னார். அடியோடு ஒட்டியது கொஞ்ச தூரத்திலேயே சரிந்து விழுந்தது. வாயோடு ஒட்டியது ஆடி ஆடி, தானே நடுவுக்கு வந்து, கடைசிவரை உருண்டது. ரயில் சக்கரமும் இப்படித்தானாம். உள்பக்கம் கொஞ்சம் பெரிசு, வெளிப்பக்கம் கொஞ்சம் சிறிசு. அதற்கும் மேல், உள்பக்கம் ஒரு விளிம்பும் இருக்கும்.

அன்று சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்கே போனேன். "நேத்து... இல்ல, அன்னிக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல, அதான் அதட்டினேன்" என்று முதலில் சொன்னேன். கப்பை அவன் கையில் கொடுத்தேன். பத்து தடவை உருட்டினான்.

"இதுல ஸ்டியரிங் எங்கடா இருக்கு?" என்றேன்.

"இல்லியே."

"ரயில்லயும் இல்ல. டிரைவர் வேகத்தைக் கூட்டலாம், பிரேக் போடலாம். திருப்பவே முடியாது. தண்டவாளம்தான் திருப்பும்."

அவன் கண்ணு விரிந்தது. பிறகு தரையில் சாக்பீஸால் ரெண்டு லைன் போட்டு, தொடப்பக்குச்சியால் 'பாயிண்ட்' செய்து காட்டினேன். பாயிண்டில் ரெண்டு கூர்மையான தண்டவாளம் நாக்கு மாதிரி இருக்கும். ஒன்று ஒட்டினால் மற்றது விலகும். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கோ அதன்படி வண்டி நேராகப் போகும், இல்லையென்றால் பக்கத்து லூப் லைனில் நுழையும். அன்றைக்கு டிரைவருக்கு மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு காட்டியது. ஆனால் வண்டி சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் லூப் லைனுக்குள் போய்விட்டது. பாயிண்டின் பாகங்கள் கழற்றப்பட்டிருந்தன என்று பின்னால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் தெரிந்தது.

"அப்போ டிரைவர் மேல தப்பு இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் பெருமூச்சு விட்டான். நானும் விட்டேன்.

அடுத்த நாளே பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அழுகை குறைந்தது. அப்பாவோடு ஸ்டேஷன் வரை போய், பிளாட்பாரத்தில் நின்றபடியே சிக்னலைப் பார்த்து, "உன் வண்டி எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டிப்பா, போய்ட்டு வா" என்று அனுப்பி வைக்கிறானாம். இப்போது மூணாங்கிளாஸ். என் திண்ணைக்குத் திரும்பி வந்துவிட்டான். கேள்விகள் முன்பைவிட அதிகம்!

நண்பர்களே! சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தர லேப் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் அதற்கு முன்னால் வேண்டியது, அவர்கள் கேட்பதை முழுசாகக் கேட்கிற காது. தெரியாவிட்டால் "தெரியல, வா பார்க்கலாம்" என்று சொல்கிற தைரியம்.

உங்கள் தம்பி தங்கையும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பதில் தெரியாவிட்டாலும் தயவுசெய்து "வாயை மூடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு பேப்பர் கப், ரெண்டு குச்சி இருந்தால் இன்றைக்கே உருட்டிப் பாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கவரைப்பேட்டை.