கம்பியும் கப்பியும்

மார்கழியில் பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் வந்து இறங்கினால் எனக்குப் பொன்னேரி மாமா வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

1999, அரைப்பரீட்சை லீவு. மாமா பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தார். கூடவே பர்மா பஜார் சிடி ஒன்று. அதில் இருந்தது ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’. ரான் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் செய்தது. கடற்கொள்ளையனாக ஆசைப்படும் கைப்ரஷ் என்ற இளைஞனை நாம் வழிநடத்த வேண்டும். சுட வேண்டியதில்லை, துரத்த வேண்டியதில்லை. பார், எடு, பேசு, தள்ளு, கொடு என்ற சொற்கள் ஆங்கிலத்தில் திரையின் அடியில் நிற்கும். ஒரு சொல்லைச் சொடுக்கிவிட்டுப் படத்தில் ஒரு பொருளைச் சொடுக்கினால் ஏதாவது நடக்கும். நாம் யோசித்து முடிக்கும்வரை அந்தக் கடல் அப்படியே காத்துக் கிடக்கும்.

அதில் வரும் பேய்க் கொள்ளையனைப் பார்த்து மாமா மகள் பயந்தாள். எனக்குப் பயமே இல்லை. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் எங்கள் ஊரில் இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடிய இடம் அது.

விளையாட்டில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டோம். பாறை முனையிலிருந்து எதிரே குட்டித் தீவுக்கு ஒரு கம்பி போகிறது. படகு கிடையாது. மூன்று நாள் முட்டி மோதினோம். கேட்கவும் ஆளில்லை. சோற்றில் கை வைத்தாலும் அந்தக் கம்பிதான் நினைவில்.

என்னைக் கூட்டிப்போக நைனா வந்தார், பை நிறைய இறாலோடு. பள்ளிக்கூடம் போகாதவர். ஏரியில் எங்கள் பாடு, அதாவது மீன்பிடிக்கும் முறை, வரும் நாளில் வலை இறக்குமுன் தண்ணீரைப் பார்ப்பாரே, அதே மாதிரி நின்றபடி திரையைப் பார்த்தார்.

“கம்பியப் புடிச்சே போயிடலாமே. உங்கிட்ட கப்பி எதுனா இருக்குதாடா?”

இருந்தது! நடுவில் கப்பி வைத்த ரப்பர் கோழி ஒன்று எங்கள் மூட்டையில் சும்மா கிடந்தது. கம்பியில் மாட்டியதும் கைப்ரஷ் சர்ரென்று கடலைத் தாண்டினான். பாய்மரக் கப்பியில் கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கையால் நைனா என் தலையைத் தடவினார்.

அந்த விளையாட்டின் ருசியே மாட்டிக்கொண்டு கிடப்பதில்தான் இருந்தது. உதவாது என்று எதையும் தள்ளாமல் பார்க்கச் சொல்லித் தந்தது அது. தண்ணீரின் நிறம், பறவை இறங்கும் இடம், முகத்துவாரத்து நீரோட்டம் என்று நைனாவுக்கு ஏரி சொல்லித் தந்ததும் அதைத்தான்.

2022இல் கில்பர்ட் ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ கொண்டுவந்தார். மாட்டிக்கொண்டவர்களுக்காக உள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறார். நானும் மாட்டிக்கொண்டேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. நைனா இருந்தால் முதலில் எதைப் பார்த்திருப்பார் என்று தேடியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.